பூசணி இல்லா வளாகம்

எங்கள் கிடங்கின் பின்சுவரில் ஒரு பூசணிக்காய் தொங்குகிறது. இன்று சாயங்காலம் பார்த்தபோது குழந்தையின் தலை அளவு இருந்தது. அது அங்கே தொங்குவதற்கு நான்தான் காரணம். அதே சுவரில், காய்க்குச் சரியாக இரண்டடி மேலே, ‘இது பூசணி இல்லா வளாகம்’ என்று பச்சைப் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு இயக்குநர் ஆய்வுக்கு வருகிறார்.

எனக்குப் பதினேழு வயது. யாரிடமாவது சொல்லிவிடாமல் போனால் நாளைக்கு அவர் முன்னாலேயே உளறிவிடுவேன் போலிருக்கிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் கம்பெனிகளைத் தாண்டி, கடைசித் தெருவில் ‘நறுமணத் தானியக் காப்பு மையம்’ இருக்கிறது. ஆட்டோக்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முழிப்பார்கள். வாசனை குடோன் என்றால் கொண்டுவந்து விடுவார்கள். சேமித்து வைத்த தானியத்தில் விஷப் பூசணம் பிடிக்காமல், கிராம்பு எண்ணெய், ஓம எண்ணெய், எலுமிச்சம்புல் எண்ணெய் இவற்றின் ஆவியைக் கொண்டு காப்பாற்றுவதுதான் மையத்தின் வேலை.

யோசனையில் ஒரு தப்பும் இல்லை. ஆய்வகத்துக் கல்பனா மேடம் ஜன்னலில் இரண்டு கண்ணாடி பாட்டில்களை வைத்திருக்கிறார். இரண்டிலும் ஒரே மக்காச்சோளம். ஒன்றில் மட்டும் கிராம்பு எண்ணெய் தோய்த்த பஞ்சு. பஞ்சு இல்லாத பாட்டிலில் சோளம் பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம் பூத்துக் கிடக்கிறது. பஞ்சு இருக்கும் பாட்டிலில் சோளம் நேற்று உரித்தது போல இருக்கிறது.

“பாட்டில்ல வேல செய்யுதும்மா,” என்றார் மேடம். “நல்லா காஞ்ச சோளம், இறுக்கி மூடுன மூடி, அளவா எண்ணெய். மூணும் இருந்தா போதும். இந்த ஆபீஸ்ல மூணுல எது கீதுன்னு நீயே போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தேன். கிடங்கின் கூரை ஒழுகியது. கதவு மூடாது. எண்ணெய், இயக்குநர் அறையில், பீரோவுக்குள் பூட்டி இருந்தது. அதை வெளியே எடுக்க மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது ஆளின் பதவி, மையம் தொடங்கிய நாளிலிருந்து காலியாக இருக்கிறது. விருந்தினர்கள் வந்தால் மட்டும் கையெழுத்து வேண்டாம். அவர்களுக்குச் சின்னச் சின்னக் குப்பிகளில் அந்த எண்ணெயை நினைவுப் பரிசாகக் கொடுப்பார்கள். பார்வையாளர் நாற்காலிகள் கிராம்பு வாசனை அடிக்கும். மூட்டைகள் சாக்கு வாசனைதான் அடிக்கும்.

நான் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. பயிற்சிக்காக வந்தவள். வந்த மூன்றாம் நாள் ‘முகர்வாளர்’ தேர்வு நடந்தது. தினமும் மூட்டைகளை முகர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு மூக்கு வேண்டுமாம். கண்காணிப்பாளர் சடையப்பன் சார் மூக்குப்பொடி போடுபவர் என்பதால் தள்ளுபடியானார். வாட்ச்மேன் இருபது வருடம் உருக்காலையில் வேலை பார்த்தவர். அவரிடம் கிராம்பைக் கொடுத்தபோது கண்ணை மூடி நீளமாக இழுத்துவிட்டு, “சார், கரண்டு வயரு எரியிற வாசன வருது,” என்றார். நான் ஓமத்தை ஓமம் என்றேன். அவ்வளவுதான்.

“இன்னிலேர்ந்து உன் மூக்கு உன்னுது இல்ல பாப்பா, மையத்துது,” என்றார் சடையப்பன் சார். “சளி புடிச்சா மூக்குக்குத் தனியா லீவ் லெட்டர் குட்த்துரு. அப்புறம் பேஜாரு பண்ணாத.”

விதி பதினொன்றின்படி, சென்ட் பூசிய அதிகாரிகள் கூடும் கூட்டங்களில் முகர்வாளர் உட்காரக் கூடாது. மூக்கு கெட்டுவிடும். இந்த விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஜூலையில் இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘கிடங்குகளில் பூசணி இல்லை என்பதை நாள்தோறும் உறுதி செய்க.’ பூசணம் என்று இருக்க வேண்டியது. யாரோ போனைப் பார்த்து வாயால் சொல்லியிருக்கிறார்கள், போன் தனக்குத் தெரிந்த வார்த்தையைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் கீழே முனைவர் தணிகைவேல், இயக்குநர் என்று கையெழுத்து இருந்தது. அவர் கையெழுத்துக்கு மேலே இருப்பது எதுவும் பிழையாக இருக்க முடியாது என்பது மையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று மதியமே வாசலில் கட்டியிருந்த திருஷ்டிப் பூசணியை இறக்கினார்கள். மீசை வரைந்து, பல் வரைந்து, நாக்கைத் தொங்கவிட்டு வைத்திருந்த பூசணி. அதை மேசைமேல் வைத்து எடை போட்டு, சுற்றளவு அளந்து, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி அப்புறப்படுத்தினார்கள். கேட்டில் டிபன் பாக்ஸ் சோதனை தொடங்கியது. மூட்டை தூக்கும் கோபால் அண்ணனின் சாப்பாட்டில் பரங்கிக்காய் சாம்பார் இருந்தது.

“சார், இது பரங்கி சார். பூசணி வெள்ள, பரங்கி மஞ்சா. இது கூடவா தெரியாது?”

“தெரியும்யா. ஆனா எனுக்குத் தெரிஞ்சத வெச்சி நான் முடிவு எடுக்க முடியாது,” என்றார் சடையப்பன் சார்.

விளக்கம் கேட்டு இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதினார். சாம்பாரை ஆதாரமாக ஃபிரிட்ஜில் வைத்தார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: ‘பரங்கி, பூசணியின் நெருங்கிய உறவு என்பதால் உறவினர்களுக்கும் அனுமதியில்லை.’ அதற்குள் சாம்பாரில் நிஜமாகவே பூசணம் பூத்திருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கழுவி ஊற்றினார்கள். பூசணத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆகஸ்ட் மழையில் ஏழாம் வரிசைக்கு மேலே கூரை ஒழுகியது. ஒரு வாரம் கழித்து அங்கே முகர்ந்தபோது ஈரச் சுவர் வாசனை வந்தது. சாக்கின் தையலைப் பிரித்துப் பார்த்தேன். மக்காச்சோளம் கல்பனா மேடத்தின் ஜன்னல் பாட்டில் போலவே பச்சையாக, தூசி தூசியாக இருந்தது. ஒன்றில்லை, அறுபத்திரண்டு மூட்டை.

பதிவேட்டில் ‘பூசணி: உண்டு / இல்லை’ என்று இரண்டே கட்டங்கள். நான் பக்கத்தில் ‘பூசணம் உண்டு’ என்று எழுதினேன். சடையப்பன் சார் என்னைக் கூப்பிட்டார்.

“இன்னா இது?”

“பூசணம் சார். ஏழாவது வரிசை. அறுபத்திரண்டு மூட்டை.”

“அதுல பூசணி கீதா?”

“பூசணி இல்ல சார். பூசணம்.”

“அப்ப பூசணி இல்ல. ‘இல்ல’ல டிக் பண்ணு.”

“சார், அத தின்னா ஈரலு கெட்டுப்பூடுமாம் சார். கல்பனா மேடம் சொன்னாங்க. வறுத்தாலும் அரைச்சாலும் அந்த விஷம் போவாதாம். இப்ப எண்ணெய ஊத்துனா கூட, வந்த விஷம் வந்ததுதானாம்.”

கெட்ட மனிதர் இல்லை. மூக்குப்பொடி டப்பாவை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார்.

“பாப்பா, எனுக்கு ரிட்டயர்மென்ட்டுக்குப் பதினோரு மாசம் கீது. இந்த ஆபீஸ்ல பூசணம்ன்ற வார்த்தையே இல்ல. இல்லாத வார்த்தைக்கு நான் எப்டி நடவடிக்க எடுக்குறது? திங்கக்கெழம லாரி வருது. ஏத்தி உட்டுட்டா நம்ம வேல முடிஞ்சிச்சு.”

லாரி சோழவரத்து ஆலைக்குப் போகும். அங்கே சத்துமாவாக அரைத்து, சுற்றுவட்டாரப் பால்வாடிகளுக்குப் பாக்கெட் போடுவார்கள். எங்கள் தெருப் பால்வாடிக்கும் அதுதான் வருகிறது. என் அக்கா ஏஞ்சலின் அதில் வெல்லம் போட்டு உருண்டை பிடிப்பாள். அவள் மகன் பென்னிக்கு இரண்டு வயது. ஒரு உருண்டையை வாயிலும் இன்னொன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு மூன்றாவதற்கு அழுவான்.

வியாழக்கிழமை ‘பூசணித் தடுப்புப் பயிலரங்கு’ நடந்தது. விதி பதினொன்றின்படி என்னை வெளியே நிறுத்தியிருந்தார்கள். இயக்குநரின் பேச்சு மைக்கில் கேட்டது. யாரோ எழுதிக் கொடுத்த பழைய உரையில் ஒரு வார்த்தையை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

“பூசணி என்பது கண்ணுக்குத் தெரியாத எதிரி! ஈரம் கண்ட இடத்தில் ஒரே இரவில் கோடிக்கணக்காகப் பெருகும். நாம் விடும் மூச்சில் பூசணி இருக்கிறது. இதோ, இந்த மேடையில், என் சட்டைப் பையில் கூடப் பூசணி இருக்கலாம்!”

எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்தவர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“நான் பொறுப்பேற்ற மூன்று ஆண்டுகளில் இங்கே ஒரு பூசணிகூடப் பிடிபடவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலும் பிடிபடவில்லை. ஆனால் அப்போது யாரும் தேடவில்லை. தேடியும் கிடைக்காமல் இருப்பதற்குத்தான் நிர்வாகத் திறமை வேண்டும்!”

இன்னும் பலமான கைதட்டல். அவர் வெளியே வந்தபோது எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. குறுக்கே போய் நின்றுவிட்டேன்.

“சார், அது பூசணியா பூசணமா சார்?”

அவர் சிரித்தார்.

“எந்த ஊர்மா?”

“இங்கதான் சார். கும்மிடிப்பூண்டி.”

“அதான். பூசணம் என்பது உங்கள் வட்டார வழக்கு. பூசணி என்பது செந்தமிழ். அரசாணைத் தமிழில்தான் அறிவியல் வளரும்.” பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். “இந்தப் பெண் பேசியதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராமப்புற இளைஞர்களிடம் மொழி விழிப்புணர்வு தேவைப்படுகிறது. அதற்கு ஒரு பயிலரங்கு போடலாம்.”

கல்பனா மேடம் வராந்தாவில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய நல்ல பாட்டிலை அன்றைய போட்டோவுக்காக இயக்குநர் கையில் கொடுத்திருந்தார்கள். மூடி திறந்திருந்தது.

அன்று சாயங்காலம் விதிப்புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பூசணித் தடுப்பு விதி நான்கு: ‘பூசணி, அதன் பூ, தோல், விதை ஆகியவற்றில் ஏதேனும் காணப்படும் மூட்டை, வேறு விசாரணையின்றி வளாகத்துக்குள்ளேயே புதைத்து அழிக்கப்படும்.’

இரண்டு தடவை படித்தேன். விதை.

வெள்ளிக்கிழமை சந்தையில் நன்றாக முற்றிய, சாம்பல் பூத்த பூசணியாகத் தேடினேன்.

“இன்னா பாப்பா, புது ஊடா? திருஷ்டிக்கா?” என்றார் கடைக்காரர்.

“இல்லண்ணா. வெதைக்கு.”

“தோட்டம் வெச்சிகினு கீறியா? சபாசு.”

வீட்டில் ஏஞ்சலின் அரிவாள்மணையில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

“இன்னாடி நீ? கூட்டுக்குன்னு வாங்கியாந்துட்டு வெதைய எண்ணிகினு கீற?”

“காலேஜ் புராஜெக்ட்டுக்கா.”

“அறுவது, அறுவத்தி ஒண்ணுன்னு எண்றது புராஜெக்ட்டாம். பென்னி, சித்திக்கு மரை கழண்டுச்சு பாரு.”

பென்னி ஒரு விதையை வாயில் போட்டான். விரலை விட்டு எடுத்தேன். எண்ணி வைத்த அறுபத்திரண்டில் ஒன்றுகூடக் குறையக் கூடாது.

சனிக்கிழமை பூசணி எதிர்ப்பு உறுதிமொழி. கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து, கிளறி, முகர்ந்தார்கள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை உறையை மட்டும் யாரும் தொடவில்லை. அதில் இயக்குநரின் படம் அச்சடித்திருக்கிறது. அவர் படத்துக்குப் பின்னால்தான் விதைகள் இருந்தன. அதிகாரிகள், ஆட்கள் எல்லோரும் கூடத்தில் கையை நீட்டி உறுதிமொழி சொன்னார்கள். விதி பதினொன்றின்படி நான் வெளியே. ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. ஒரு மூட்டைக்கு ஒரு விதை. அவசரத்தில் இரண்டு கீழே விழுந்தன. முழங்கால் போட்டுத் தேடி எடுத்தேன். கூடத்திலிருந்து “பூசணியை ஒழிப்போம்” என்ற குரல் வரும்போதெல்லாம் என்னைத்தான் சொல்கிறார்கள் என்று இருந்தது.

திங்கள் காலை லாரி வந்தது. கோபால் அண்ணன் ஏழாம் வரிசையின் முதல் மூட்டையில் கை வைத்தார். நான் மூக்கைச் சுளித்தேன்.

“சார், இதுல பூசணி வாசன வருது.”

சடையப்பன் சார் ஓடி வந்தார். மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டினார்கள். பச்சைச் சோளம் கட்டிக் கட்டியாக விழுந்தது. பச்சைத் தூசி எழும்பி எல்லோர் மேலும் படிந்தது. சார் தும்மினார். பேன்ட்டில் ஒட்டிய பூசணத்தைக் கையால் தட்டிவிட்டார். தட்டிவிட்டு, குனிந்து, அந்தப் பூசணத்துக்குள்ளேயே பூசணியைத் தேடினார்.

“கெடச்சிருச்சு சார்!” கோபால் அண்ணன் விதையைத் தூக்கிக் காட்டினார்.

மணி அடித்தார்கள். லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். நான் ஒவ்வொரு மூட்டையாக முகர்ந்து சொன்னேன், அவர்கள் கொட்டித் தேடினார்கள். நாற்பதாவது மூட்டையில் கோபால் அண்ணன் என் பக்கமாகச் சாய்ந்தார்.

“தங்கச்சி, இன்னா மூக்கு உனுக்கு! பூசணியும் இன்னா ஒழுங்கு பாரேன். மூட்டைக்கு ஒண்ணுன்னு ரேஷன் மாரி வந்துகீது.”

நான் குனிந்து சாக்கின் தையலைப் பார்த்தேன். அடுத்த மூட்டையில் நான் மூக்கைச் சுளிப்பதற்கு முன்னாலேயே அவர், “சார், இதுலயும் வருது சார்,” என்றார்.

அறுபத்திரண்டு மூட்டையையும் விதைகளோடு சேர்த்துப் பின்சுவர் ஓரமாகப் புதைத்தார்கள். பத்தடி ஆழம் என்பது விதி. இயந்திரத்துக்கு அனுமதி வர ஒரு மாதம் ஆகும் என்பதால், மண்வெட்டியால் நீளமாக, முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினார்கள். குழியில் நறுமண எண்ணெய் தெளிக்க வேண்டும் என்று, இயக்குநரின் தனி உத்தரவில் பீரோவைத் திறந்தார்கள். கேன்கள் காலி. எல்லாம் நினைவுப் பரிசாகப் போயிருந்தது. பயிலரங்கில் விருந்தினர்களுக்குத் தெளித்த பன்னீர் செம்பில் கொஞ்சம் மீதி இருந்தது. அதைத் தெளித்தார்கள். மணமாகத்தான் இருந்தது.

இயக்குநர் எனக்கு ‘சிறந்த நாசி’ சான்றிதழ் கொடுத்தார். போட்டோவில் நான் அழுவதுபோல இருக்கிறேன். அம்மா அதை ஹாலில் மாட்டியிருக்கிறாள். பென்னி வேறு மூட்டையின் சத்துமாவு உருண்டையைத் தின்கிறான்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐப்பசி மழை வந்தது. புதைத்த இடத்தில் மக்காச்சோளம் ஒன்றுகூட முளைக்கவில்லை. அது செத்துப்போயிருந்தது. பூசணி முளைத்தது. நான் தினமும் போய்ப் பிடுங்கினேன். ஒரு கொடி மட்டும் குழாய்க்குப் பின்னால் ஒளிந்து ஏறிவிட்டது. பார்த்தபோது பூ விட்டிருந்தது. இப்போது தை மாதம். காய்.

சடையப்பன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்தார். சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“நீ பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

“நான் பாக்கல. எனுக்கு இன்னும் ஆறு மாசம் கீது.” திரும்பாமலே நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்று, “இயக்குநரு சொவத்துல எழுதுனதத்தான் பாப்பாரு. எழுத்துக்குக் கீழ பாக்க மாட்டாரு,” என்றார்.

ராத்திரியோடு ராத்திரியாகப் பறித்து எறிந்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்று சாயங்காலம் அதற்காகத்தான் கத்தியோடு போனேன். போகும் வழியில் நான்காம் வரிசையில் அந்த ஈரச் சுவர் வாசனை வந்தது. தையலைப் பிரித்தேன். பச்சை. நாற்பத்தெட்டு மூட்டை. இந்த மாதம் இருபதாம் தேதி லாரி.

விதைச் சம்பவத்துக்குப் பிறகு கேட்டில் சோதனை கூடிவிட்டது. அடையாள அட்டை உறையை உதறிக் காட்ட வேண்டும். சடையை அவிழ்க்கச் சொல்கிறார்கள். சந்தையில் பூசணி வாங்குகிறவர்களைக் குறித்துக்கொள்ள ஓர் ஆள் போட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு விதைகூட உள்ளே வர முடியாது.

கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு காயின் மேல் இலையை இழுத்து மூடினேன். பதிவேட்டில் நாளைய தேதியைப் போட்டு, ‘பூசணி: இல்லை’ என்ற கட்டத்தில் டிக் செய்து, என் பெயரை எழுதினேன். சோனியா, தற்காலிக முகர்வாளர். கையெழுத்து கோணலாக வந்திருக்கிறது.

காய் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. மேலே சாம்பல் பூத்தால்தான் உள்ளே விதை முற்றியது என்று அர்த்தம். அதற்கு இன்னும் பத்து நாளாவது ஆகும். இன்று ஒன்பதாம் தேதி.